பொன் தேடிப் போனவர்கள்

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில், நகரம் முடிந்ததும் வருவது சென்னீர்குப்பம். 1996ஆம் ஆண்டு எங்கள் வீட்டின் முன்னறைக்கு ஒரு பழைய கணிப்பொறி வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் இருந்த மாமா விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. கூடவே சில குறுந்தகடுகள். அவற்றுள் ஒன்றுதான் 'யூகான் டிரெயில்' என்னும் கல்வி விளையாட்டு. அக்காலத்தில் எங்கள் தெருவில் கணிப்பொறி என்பதைக் கண்ணால் கண்டவரே சிலர்தாம். ஆகவே மாலை மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் பாதிப்பேர் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள்.

விளையாட்டின் கதை எளிது. ஆண்டு 1897. கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் ஆற்றின் கிளையான குளோண்டைக் ஆற்றுப் பகுதியில் தங்கம் கிடைத்திருக்கிறது. நீங்கள் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு, உணவும் கருவிகளும் வாங்கி, கப்பலேறி அலாஸ்காவில் இறங்க வேண்டும். அங்கிருந்து சில்கூட் கணவாய், வெள்ளைக் கணவாய் என்று இரண்டு வழிகள். மலையைக் கடந்து, ஏரிக்கரையில் படகு கட்டி, நீர்ச்சுழிகளில் கவிழாமல் தப்பி, டாசன் நகரை அடைய வேண்டும். அடைந்தபின் ஒரு துண்டு நிலத்தை உங்கள் பெயரில் பதிவுசெய்து தங்கம் அரிக்கலாம். பனியில் உறைந்தும் பசியில் வாடியும் நாங்கள் தோற்ற தடவைகளுக்குக் கணக்கில்லை.

அப்போது எங்களுடன் இருந்த என் தாத்தா எழுபத்தெட்டு வயதை எட்டியிருந்தார். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு ஆவடியில் வேலை கிடைத்ததால் அவரும் இப்பக்கம் வந்து தங்கினார். சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி எங்கள் ஆட்டத்தைப் பல நாட்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் என்னை அழைத்தார்.

"தம்பி, இந்த ஆளுக்கு முதலாளி யாரு?"

"முதலாளி யாரும் இல்லை தாத்தா. இவனே முதலாளி."

"தங்கம் கெடைச்சா?"

"இவனுக்கேதான்."

தாத்தா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இரைப்பாகி, அத்தை வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவிவிடும்வரை நிற்கவில்லை. அன்று எனக்கு அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கவில்லை. அண்மையில் அந்தப் பழைய விளையாட்டை என் மகளுக்காகத் தேடியெடுத்து மீண்டும் ஆடியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. இக்கட்டுரைக்குத் தூண்டுதலும் அதுவே.

விளையாட்டைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அதை வெளியிட்ட நிறுவனம், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் பள்ளிகளுக்காக 1973இல் அரசு ஏற்படுத்திய கணிப்பொறிக் கல்விக் கூட்டமைப்பு. அதன் புகழ்பெற்ற முதல் விளையாட்டான 'ஆரகன் டிரெயில்' பிறந்த கதை சுவையானது. 1971இல் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், வரலாற்றுப் பாடத்தைப் பிள்ளைகள் மனத்தில் பதியவைக்க வழி தேடினார். அவருடன் அறையில் தங்கியிருந்த இரு நண்பர்கள் கணிதம் படித்தவர்கள். மூவரும் சேர்ந்து சில வாரங்களுக்குள் ஒரு நிரலை எழுதி முடித்தனர். திரைகூட இல்லாத தட்டச்சுப்பொறி முனையத்தில் பிள்ளைகள் அதை ஆடினார்கள். பின்னர் ராவிட்ச் இந்தக் கூட்டமைப்பில் பணியில் சேர்ந்தபோது, மேற்கு நோக்கிப் பயணம் போன குடியேறிகளின் நாட்குறிப்புகளைப் படித்தார். நோய், கெட்ட தண்ணீர், வண்டி உடைதல் ஆகியவை எத்தனை நாளுக்கு ஒருமுறை நேர்ந்தன என்று பார்த்து, அதே விகிதத்தில் விளையாட்டிலும் நேருமாறு அமைத்தார். விளையாட்டுக்காக மூல ஆவணங்களைப் புரட்டிய அந்த ஆசிரியரை மதிக்காமல் இருக்க முடியாது. அதே வழியில் 1994இல் வெளிவந்ததே யூகான் டிரெயில்.

ஆயினும் எந்த விளையாட்டுக்கும் ஒரு நாயகன் வேண்டும். அவன் யார் என்பதில்தான் வரலாறு எந்தப் பக்கமாகச் சொல்லப்படுகிறது என்பது முடிவாகிவிடுகிறது. விளையாட்டில் நாம் தங்கம் தேடுபவர். சுமைகூலி நாமல்ல, எந்த மண்ணில் தங்கம் இருந்ததோ அம்மண்ணுக்குரியவரும் நாமல்ல.

குளோண்டைக்கில் நடந்தது இது. 1896 ஆகஸ்டு 16 அன்று, அந்நாளில் முயல் ஓடை என்று அழைக்கப்பட்ட சிற்றோடையில் தங்கம் தென்பட்டது. அங்கிருந்தவர்கள் ஜார்ஜ் கார்மாக் என்ற வெள்ளையரும், அவருடைய மனைவியின் உறவினர்களான கெய்ஷ், டாசன் சார்லி என்ற பழங்குடியினர் இருவரும். முதலில் கண்டது கெய்ஷ்தான் என்று அவர் குடும்பத்தார் சொல்லிவந்தனர். ஆனால் கண்டுபிடிப்பாளர் என்ற பதிவு கார்மாக் பெயரில் ஏறியது. பழங்குடி ஒருவர் பெயரில் அதைப் பதிவுசெய்ய ஒப்பமாட்டார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மறு ஆண்டு ஜூலையில் தங்கம் ஏற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவையும் சியாட்டிலையும் அடைந்ததும், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புறப்பட்டனர். டாசனை எட்டியவர்கள் முப்பது நாற்பது ஆயிரம் பேர். தங்கம் கண்டவர்கள் நாலாயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. செல்வராகத் திரும்பியவர்கள் சில நூறு பேரே.

ஓராண்டுக்கான உணவு இல்லாத எவரையும் கனடாவின் காவற்படை எல்லைக்குள் விடவில்லை. கருவிகளும் சேர்ந்து ஆளுக்கு ஒரு டன் சுமை. அதைப் பனியில் வெட்டிய படிகளில், முதுகில் சுமந்து, முப்பது நாற்பது முறை ஏறி இறங்கிக் கடத்த வேண்டும். பணமுள்ளவர்கள் டிலிங்கிட் பழங்குடியினரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டனர். அந்தக் கணவாய் முன்பு அவர்களுடைய வணிகப் பாதையாகவே இருந்தது. டாசன் நகரம் எழுந்த இடத்தருகே மீன்பிடித்து வாழ்ந்த ஹான் மக்கள், தங்கம் தேடுவோரின் கூட்டம் பெருகியதும் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் சில கல் தொலைவிலிருந்த மூஸ்ஹைட் என்ற இடத்துக்குப் பெயர்ந்தனர்.

இந்தக் கூட்டத்தில் தங்கம் தேடாமல் போன ஒருவரைப் பற்றி நம் வாசகர்கள் அறிய வேண்டும். அவர் வில்லியம் ஜட்ஜ் என்ற இயேசு சபைக் குரு. 1850இல் பால்டிமோர் நகரில் பிறந்தவர். அலாஸ்கா மறைபரப்புத் தளத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தவர், தங்கச் செய்தி பரவியதும் 1897இல் டாசனுக்கு வந்தார். கூட்டம் கூடும் இடத்தில் நோயும் கூடும் என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்திருந்தார். மருந்துகள் ஏற்றிய சறுக்குவண்டியை இழுக்க அவரிடம் ஒரே ஒரு நாய்தான் இருந்தது. ஆகவே அதனுடன் தாமும் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்தார். டாசனில் கோயில் ஒன்றும் புனித மரியா மருத்துவமனையும் எழுப்பினார். கோயில் தீப்பிடித்து அழிந்தபோது, தங்கத்தால் பெருஞ்செல்வரான அலெக்ஸ் மெக்டொனால்டு என்ற கத்தோலிக்கர் புதிய கோயிலுக்குப் பொருள் கொடுத்தார். நச்சுக்காய்ச்சல் நகரைப் பிடித்தபோது சமய வேறுபாடு பாராமல் எல்லாரையும் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார் ஜட்ஜ் அடிகளார். 1898இல் புனித அன்னா சபைச் சகோதரிகள் துணைக்கு வந்து சேர்ந்தனர். அதற்குள் அடிகளாரின் உடல் தேய்ந்துவிட்டது. 1899 ஜனவரி 16 அன்று நிமோனியாவால் இறந்தார். வயது 48. நகரத்தார் அவரை 'டாசனின் புனிதர்' என்றே அழைத்தனர்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

பொன்வேட்டை என்றதும் கலிபோர்னியாவையும் ஆஸ்திரேலியாவையும் சொல்கிறோமே, தமிழ்நாட்டிலும் ஒரு பொன்வேட்டை நடந்தது என்பதைப் பலர் அறியார். நீலகிரி மாவட்டத்தில் கூடலூரை அடுத்த தேவாலாவும் பந்தலூரும் அதன் களங்கள். அப்பகுதியின் ஓடைகளில் குறும்பரும் பணியரும் நெடுங்காலமாகவே பொன் அரித்துவந்தனர். அதைக் கண்ட தோட்டத் துரைமார்களுக்கு ஆசை பிறந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறை அதிகாரியாக இருந்த பிரௌ ஸ்மித் என்பவரை வரவழைத்தனர். 1880இல் அவர் அளித்த அறிக்கை நம்பிக்கையூட்டியது. அவ்வளவுதான், லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொடங்கப்பட்டு, பல லட்சம் பவுன் பங்கு முதலாகக் குவிந்தது. தோட்டமாக ஒரு விலைக்கு மதிப்பிட முடியாத காடுகள் பொன்விளையும் நிலமென்று பல மடங்கு விலைக்குக் கைமாறின. இயந்திரங்கள் மாட்டுவண்டிகளில் மலையேறின. பாறையை இடித்துப் பார்த்தபோதோ, செலவுக்குக் கட்டும் அளவுக்குத் தங்கம் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. துருவேறிய இயந்திரங்கள் காட்டில் கிடந்தன. பின்னாளில் அம்மலைச் சரிவுகளைத் தேயிலை மூடியது. சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்கள் பலர் அங்கேதான் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். பந்தலூர்ப் பக்கம் போகும் வாசகர்கள், புதர் மூடிய பழைய சுரங்க வாய்களை இன்றும் காணலாம். உள்ளே போக முயலவேண்டாம்.

வயநாட்டில் ஏமாற்றிய பொன், கோலாரில் ஏமாற்றவில்லை.

1802இல் மைசூர் எல்லைகளை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, உரிகம் பகுதியில் பொன்மண் உண்டென்று கேள்விப்பட்டு, கிராமத்தாரை அழைத்து மண்ணைக் கழுவச் செய்து பார்த்தார். பொன் துகள்கள் தெரிந்தன. அதற்கும் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் குழிதோண்டிப் பொன் எடுத்திருந்தார்கள் என்பதற்குப் பழைய குழிகளே சான்று. வாரனின் குறிப்பை எழுபது ஆண்டுகளுக்குப் பின் படித்தவர் மைக்கேல் லவல் என்ற ஐரிஷ்காரர். நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்று பெங்களூரில் குடியிருந்த அவர், அந்நாட்டின் பொன்வேட்டையை நேரில் கண்டவர். 1871இல் மாட்டுவண்டியில் கோலார்ப் பக்கம் போய்ப் பார்த்தார்; 1873இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பித்தார்; 1875இல் இருபது ஆண்டுக் குத்தகை பெற்றார். பெங்களூரில் உள்ள லவல் சாலை அவர் பெயரால்தான் விளங்குகிறது.

விளையாட்டின் நாயகனைப்போன்ற தனியொரு தேடலாளர் கோலார் வரலாற்றில் உண்டென்றால் அவர் லவல் ஒருவரே. அவராலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பொன் ஆற்று மணலில் இல்லை. கரும்பாறைக்குள், செங்குத்தாக இறங்கும் படிகக் கற்பட்டையில் இருந்தது. தட்டை ஏந்தி அரித்து எடுக்கக்கூடியதன்று அது. ஆழத் தோண்டப் பெரும் பணம் வேண்டும். ஓரிரு ஆண்டுகளிலேயே உரிமை வேறு கைகளுக்கு மாறியது. 1880ஐ ஒட்டி லண்டனில் நிறுவனங்கள் எழுந்தன. அவற்றின் பணமும் கரைந்து, பங்குதாரர்கள் கைவிட நினைத்த வேளையில், ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேற்பார்வையில் சாம்பியன் பொற்பட்டை தட்டுப்பட்டது. அதன்பின் 1956 வரை தங்கவயல் அந்த நிறுவனத்தின் கையில்தான்.

இதில் நம் முன்னோர் எங்கே வந்தார்கள்? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சம் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் கூலி விவசாயிகளை வேரோடு பிடுங்கியிருந்தது. பெரும்பாலோர் நிலமற்றவர்கள்; ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டிருந்தவர்கள். சுரங்க வேலை என்றால் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆள்பிடித்தனர். பண்ணையாரின் கொட்டடியைவிடச் சுரங்கத்தின் இருட்டு மேல் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. பூவிருந்தவல்லி வழியாகப் போகும் பழைய நான்காம் எண் நெடுஞ்சாலையே ராணிப்பேட்டை, சித்தூர் கடந்து கோலாருக்குச் செல்கிறது. ஆனால் அவர்களில் பலர் நடந்தும் ரயிலிலும் ஜோலார்பேட்டை வழியாகவே போனார்கள். பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894இல் கிளைப்பாதை போடப்பட்டது. பௌரிங் என்ற துரையின் பெயர் தாங்கிய அவ்வூர் இன்று பங்காருப்பேட்டை; அதாவது பொன்பேட்டை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கவயலில் 25,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரமே அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் மின்விளக்கைக் கண்டது. மின்சாரம் முதலில் போனது இயந்திரங்களுக்கும் துரைமார்களின் பங்களாக்களுக்கும். தொழிலாளர் வாழ்ந்த 'லைன்'களில் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகளும், மண்ணெண்ணெய் விளக்கும் நெடுங்காலம் நீடித்தன.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் 3,200 மீட்டர் ஆழம்வரை சென்றது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். குளோண்டைக்கில் ஆட்கள் குளிரில் உறைந்தார்கள்; கோலாரில் வெந்தார்கள். தாத்தா அந்த விளையாட்டைப் பார்த்து இன்னொன்றும் கேட்டார்: "இதுல பாறை வெடிக்காதா?" ஆழத்தில் இறுகிக் கிடக்கும் பாறை, தோண்டியதால் பிடிப்பிழந்து, வெடிமருந்தின்றியே வெடித்துச் சிதறும். மேலே குடியிருப்புகளின் சுவர்கள் அதிரும். அதிர்ந்த கணத்தில் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் சுரங்க வாயை நோக்கி ஓடுவார்களாம். கம்பிக்கூண்டு மேலே வரும்வரை செபமாலையை உருட்டிக்கொண்டு நிற்பார்களாம். பாட்டி இதைச் சொல்லும்போது அவர் கை தன்னறியாமல் தாலியைத் தொடும்.

அந்தத் தாலியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்றரைப் பவுன். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில், மற்ற ஊர்களில் விற்கும் அதே விலைக்கு, கடன்பட்டு வாங்கியது. நாள்தோறும் பொன்னைத் தோண்டிய மனிதருக்குப் பொன்னில் எந்தச் சலுகையும் இல்லை. தங்கப்பாறையின் ஒரு துணுக்கு கையில் இருந்தாலும் அது குற்றம். அதற்கென்றே மைசூர் அரசு சட்டம் செய்திருந்தது. சுரங்கத்தைவிட்டு வெளிவருவோரைச் சோதனையிடுவது அன்றாட வழக்கம். 1930இல் எல்லாத் தொழிலாளரும் கைரேகை பதிந்து பதிவுசெய்துகொள்ள வேண்டுமென்று நிறுவனங்கள் பணித்தபோது, அது குற்றவாளிகளுக்குச் செய்வதல்லவா என்று தொழிலாளர் கொதித்தெழுந்து வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்காக எழுந்ததன்று, மானத்துக்காக எழுந்தது. பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய போராட்டம் அது.

இம்மக்கள் வெறுமனே துன்பப்பட்டவர்களாக மட்டும் இருந்துவிடவில்லை. பண்டிதர் அயோத்திதாசரின் எழுத்துகள் அச்சேறி நிலைத்ததில் கோலார்த் தொழிலாளரின் காசுக்குப் பெரும் பங்குண்டு; மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் தமிழ்ப் பௌத்தத்தின் கோட்டைகளாக விளங்கின. அதே தெருக்களில் நம் கத்தோலிக்கரும் வாழ்ந்தனர். பிரெஞ்சு மறைபரப்பாளர்களின் மைசூர் மறைமாவட்டத்தில் அடங்கி, 1940இல் பெங்களூர் தனி மறைமாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது தங்கவயல். சாம்பியன் ரீஃபில் உள்ள வெற்றி அன்னை ஆலயம் சுரங்கத் தொழிலாளரின் ஆலயம். கன்னட நாட்டின் நடுவே தமிழ்ப் பாடல்களும் தமிழ்த் திருப்பலியும் தேர்த்திருவிழாவுமாகத் தங்கள் நம்பிக்கையை அவர்கள் காத்துக்கொண்டனர். தொழிலாளர் உரிமை பற்றிய பதின்மூன்றாம் சிங்கராயரின் சுற்றுமடல் வெளியானது 1891 மே மாதம். கோலாரில் ஆள்பிடிப்பு உச்சத்தை நோக்கிச் சென்ற காலம் அது. நியாயமான கூலியை உழைப்பாளியின் உரிமை என்று திருத்தந்தை எழுதிய ஏடு, மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுண்டிருந்த நம் பங்கு மக்களின் காதுக்கு எப்போது எட்டியது, எந்த மொழியில் எட்டியது என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் தங்கவயல் சென்றிருந்தேன். தாத்தாவின் அண்ணன், எங்கள் பெரிய தாத்தா, அங்கே இறந்தவர். அவருடைய இறப்புப் பதிவைக் காண விரும்பினேன். பங்குத்தந்தை மனமுவந்து பழைய ஏடுகளை எடுத்துக் கொடுத்தார். இறப்பு ஏட்டில் ஒரு வரி: பெயர், தந்தை பெயர், வயது 43, நோயில்பூசுதல் பெற்றது, அடக்கம் செய்த நாள். இறந்த காரணம் இல்லை. அந்த ஏட்டின் பக்கங்களை மேலும் கீழும் புரட்டினேன். நாற்பது, நாற்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று ஆண்களின் வயதுகள் தொடர்ந்துவந்தன.

காரணத்தை மருத்துவர்கள் வேறிடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து அதைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் ஆராயப்பட்டது கோலாரில்தான். 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தனர். நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு அந்நோய் இருந்தது.

நாட்குறிப்புகளைப் படித்து இடர்களின் விகிதத்தை வகுத்த ராவிட்சை இங்கே மீண்டும் நினைக்கிறேன். கோலாரை வைத்து ஒருவர் விளையாட்டு அமைப்பாரானால், இந்த விகிதத்தை அதில் வைக்க வேண்டும். நூறு பிள்ளைகள் ஆடினால் நாற்பது பேருக்கு மேல் தோற்பார்கள். அதுவும் ஆட்டத்தின் நடுவில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல், மெல்ல மெல்ல. வென்றவருக்கும் ஓய்வூதியம்தான் பரிசு. அத்தகைய விளையாட்டை எந்தப் பிள்ளை விரும்பி ஆடும்? ஆனாலும் யாராவது ஒருவர் அமைத்துப் பார்க்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. திரைப்படங்கள் வந்துவிட்டன. 2018இல் கன்னடத்தில் 'கே.ஜி.எஃப்.' வந்தபோது ஊரே கொண்டாடியது. அதில் நான் தாத்தாவைத் தேடி ஏமாந்தேன். 2024இல் வந்த 'தங்கலான்' வட ஆர்க்காட்டு மக்களைக் கதையின் நடுவில் நிறுத்தியது. மாயமும் மந்திரமும் மிகுதி என்றாலும், அந்த அளவில் எனக்கு நிறைவே.

யோபு நூலின் 28ஆம் அதிகாரத்தை இந்நாட்களில் மீண்டும் படித்தேன். ஞானம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியை எழுப்பும் பகுதி என்றே மறையுரைகளில் அதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவது சுரங்கத்தில். மனித நடமாட்டமற்ற இடத்தில், இருளுக்குள், கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையை உடைக்கும் தொழிலாளரை அந்நூலாசிரியர் நேரில் கண்டவர்போல் வருணிக்கிறார். நாம் அவ்வரிகளை விரைந்து கடந்து ஞானத்துக்குப் போய்விடுகிறோம்.

எஞ்சிய வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1956இல் மைசூர் மாநில அரசும், 1962இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. சுரங்கத்தின் ஆழத்தை அறிவியலும் பயன்படுத்திக்கொண்டது. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்கள் 1965இல் அங்கே பதிவாயின. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், போகப்போகச் சில கிராம்களாகக் குறைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்டது ஏறத்தாழ 800 டன் தங்கம். விட்டுச்சென்றது மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண். ஊருக்குள் மலைகளாக நிற்கும் அதை மக்கள் சயனைடு மலை என்கின்றனர். கோடைக் காற்றில் அதன் தூள் வீட்டுக்குள் வரும். அதிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள்.

தாத்தா 1999இல் இறந்தார். சுரங்கம் மூடப்பட்டதை அறியாமலே போனார். கடைசி நாட்களில் படுத்தால் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்தபடியே உறங்கினார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, திருப்பலி முடிந்து வந்ததும், மகளும் நானும் அந்தப் பழைய விளையாட்டைத் திறந்தோம். இப்போது அதற்குக் குறுந்தகடு வேண்டியதில்லை. அவள் ஒரு கூட்டாளியைத் தேர்ந்தெடுத்தாள். பன்றி இறைச்சியும் மாவும் வாங்கினாள். வரைபடத்தின் முன் வந்து நின்றாள். சில்கூட்டா, வெள்ளைக் கணவாயா என்று திரை கேட்டது.

"அப்பா, கொள்ளுத் தாத்தா எந்த வழியா போனாரு?"

அவள் கேட்டது விளையாட்டைப் பற்றியா, கோலாரைப் பற்றியா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. பழைய ரயில்வே வரைபடம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தேன். ஜோலார்பேட்டையில் விரலை வைத்து, குப்பம், பௌரிங்பேட்டை, உரிகம், மாரிக்குப்பம் என்று நகர்த்திக் காட்டினேன். அவள் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். திரையில் அந்த மனிதன் பனியில் காத்துக்கொண்டு நின்றான்.